38,500 ரூபாய்க்கு மாட்டு அல்புமின் வாங்கினேன்

நேற்று மாலையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதில் ஒழுங்கு இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஆய்வகப் பொருள் வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குடல் செல்களை நெருக்கமாகப் பிணைத்து, நடுவே கண்டதும் கசியாமல் அடைத்துவைக்கும் ‘டைட் ஜங்ஷன்’ பற்றி. (ஜங்ஷன் என்றால் நம் ஊரில் ரயில் நிலையம்தான். நான் ரயில்வேக்கு ஏதோ ஆராய்ச்சி செய்வதாக அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.) அந்த அடைப்பில் இருக்கும் புரதங்களில் ஒன்று ஆக்லுடின். 1993-இல் ஜப்பானியர்கள் கோழியில் கண்டுபிடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு மனித ஆக்லுடின் தேவைப்பட்டது. மனித மரபணுவை வேறு செல்லுக்குள் வைத்துச் செய்து, பிரித்தெடுத்து விற்கிறார்கள். ஒரு குப்பியில் 10 மைக்ரோகிராம். விலை 38,500 ரூபாய். உதவித்தொகை வரவில்லை, அம்மா சீட்டு எடுத்த பணம்.

பல கம்பெனிகளின் ஆய்வகப் பொருள்களை வாங்கி விற்கும் இணையத்தளம் அது. பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் வழக்குப் போடுவார்களாம், அதையும் போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

விலை கேட்கக் கூப்பிட்டபோது எடுத்தவரின் பேச்சு இழுப்பிலேயே ஊர் தெரிந்துவிட்டது. “அண்ணாச்சிக்கு நம் பக்கமா?” என்று நானாகத்தான் கேட்டேன். “பேட்டைதான் அம்மா. நம் ஊர்ப் பிள்ளையிடம் போய் லாபம் பார்ப்பேனா?” என்றார். அவ்வளவுதான், உருகிவிட்டேன். கல்லூரி வழியாகப் போயிருந்தால் மூன்று விலைப்புள்ளி, குழு, கையெழுத்து என்று மாதம் ஓடியிருக்கும். அன்று இரவே 38,500 ரூபாயை முழுதாக அனுப்பினேன்.

பெட்டி சனிக்கிழமை மதியம் வந்தது. உலர்பனி (டிரை ஐஸ்) வைத்து உறைந்த நிலையில் வர வேண்டிய பொருள். தெர்மாகோல் பெட்டிக்குள் இரண்டு ஜெல் பைகள், இரண்டும் கொழகொழவென்று. தூத்துக்குடியிலிருந்து வருகிற மீன்கூட இதைவிடக் குளிர்ச்சியாக வரும். உடனே கூப்பிட்டேன். “கிளிசரால் கலந்திருக்கிறது, ஒன்றும் ஆகாது அம்மா” என்றார். நம்பி மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைத்தேன்.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டியபோது 65 கிலோடால்டன் (புரத எடையின் அளவு) பக்கத்தில் அழகான பட்டை. ஆக்லுடினும் அங்கேதான் வரும். அன்று ஆய்வகத்துக்கே அல்வா வாங்கிக் கொடுத்தேன், அந்த வயிற்றெரிச்சல் தனி. மறுநாள் வெஸ்டர்ன் பிளாட்: குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டு, அது அங்கே இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. குடல் செல் சாறு இருந்த தடத்தில் ஆன்டிபாடி பளிச்சென்று பிடித்தது. 38,500 ரூபாய்த் தடத்தில் வெறுமை. இன்னொரு முறை செய்தேன், அதே வெறுமை. பக்கத்து ஆய்வகத் தோழி, மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் சாதாரணப் புரதமான மாட்டு அல்புமினுக்கான ஆன்டிபாடி வைத்திருந்தாள். போட்டதும் அந்தத் தடம் கன்னங்கரேலென்று எழுந்தது. அல்புமின் 66 கிலோடால்டன். ஜெல்லில் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. புரதம் கெடாமல் இருக்க அல்புமின் சேர்ப்பது உண்டுதான். ஆனால் இவர்கள் கொடுத்த தாளில் வேறு புரதம் எதுவும் சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறது.

பிறகு நடந்தது அலைக்கழிப்பு. முதலில் “உங்கள் ஆன்டிபாடி பழையதாக இருக்கும்” என்றார்கள். குடல் செல்லில் பிடிக்கிறதே என்றேன். “மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார்.” மூன்று வேலை நாள், பிறகு இன்னொரு மூன்று வேலை நாள். நேற்று ஒரு பெண் பேசினார்: “குப்பியைத் திறந்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது.” திறக்காமல் எப்படி அம்மா சோதிப்பது? “ஆய்வுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறோமே, அதற்கு உத்தரவாதம் கிடையாது.” ஆய்வுக்குத்தானே வாங்கினேன்! பேட்டை அண்ணாச்சி என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 38,500 வருமா, தெரியவில்லை. அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

வரிசையாகச் சொல்வதாக எழுதினேன், நாளைக் காலை கைடு முன்னால் நிற்க வேண்டும், முடிந்ததைச் சொல்கிறேன். குப்பியில் உள்ள லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்; எனக்கு வேறு வேறு, நேற்றுத்தான் கவனித்தேன். உலர்பனி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பேட்டை என்று சொன்னால் பேட்டையில் எந்தத் தெரு என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.