கோஸ்ட்: முதல் ஆல்பமா, இரண்டாவதா?

கையில் இருந்த காசுக்கு ஒரு எல்.பி. இசைத்தட்டுதான் வாங்க முடியும். சுவீடனின் கோஸ்ட் என்ற ராக் இசைக்குழுவுடைய முதல் ஆல்பம் ‘ஓபஸ் எபோனிமஸ்’ (2010) வாங்குவதா, அடுத்து வந்த ‘இன்ஃபெஸ்டிசுமாம்’ (2013) வாங்குவதா என்று இரண்டு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். முதலாவதை வாங்கினேன். இன்று வாங்கச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன்.

சாத்தானைத் துதிக்கும் வரிகள், போப்பாண்டவர் கோலத்தில் பாடகர், முகமூடிக்குள் பெயரில்லாத வாத்தியக்காரர்கள் எல்லாம் இரண்டிலும் உண்டு. பதிவான விதம்தான் வேறு. முதல் ஆல்பம் குழுவின் சொந்த ஊரான லின்ஷோப்பிங்கில் உருவானது. லீ டோரியன் நடத்தும் ரைஸ் அபவ் என்ற சின்ன பிரிட்டிஷ் நிறுவனம் அதை வெளியிட்டது. 9 பாடல்கள், 35 நிமிடம்கூட வராது. இரண்டாவது அமெரிக்காவின் நாஷ்வில்லில், நிக் ரஸ்குலினெக்ஸ் தயாரிப்பில் பதிவானது; ஏறக்குறைய 48 நிமிடம். சுவீடன் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் இதுதான்.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது குரல். குழுவைத் தொடங்கிய டோபியாஸ் ஃபோர்ஜ் தானே பாட வேண்டும் என்று நினைத்து இந்தப் பாட்டுகளை எழுதவில்லை. வேறு பாடகர்களைக் கேட்டார், அமையவில்லை. கடைசியில் தானே பாடினார். அதற்கு முன் ரிபக்னன்ட் என்ற டெத் மெட்டல் குழுவில் தொண்டை கிழிய உறுமியவர் அவர். இங்கேயோ மெல்லிய, மூக்கோடு ஒட்டிய குரலில், ஞாயிறு ஆராதனையில் பாடுகிற மாதிரிப் பாடுகிறார். வரிகளின் பயங்கரத்தைக் குரல் எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. ‘ரிச்சுவல்’ பாட்டின் பல்லவியைக் கேளுங்கள்: நரபலியைப் பற்றிப் பாடுகிறார், மெட்டு தாலாட்டைப் போல இறங்குகிறது. ‘எலிசபெத்’தில் இளம்பெண்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஹங்கேரியின் பாத்தரி சீமாட்டியிடம் உருகுவதும் அப்படியே. பெருங்குரல் வித்வான் ஒருவர் பாடியிருந்தால் இது வழக்கமான ஹெவி மெட்டலாகப் போயிருக்கும்.

அந்தக் குரல் நிற்க இடம் வேண்டும். முதல் ஆல்பத்தின் ஒலி வறண்டது, 1970களின் பதிவுகள் போல. டிரம்ஸ் எதிரொலி இல்லாமல் பக்கத்தில் கேட்கிறது, கிட்டார் அளவோடு நிற்கிறது. அதனால் குரலின் சின்ன நடுக்கம்கூடத் தப்புவதில்லை. இரண்டாவதில் ஆர்கனும் பாடற்குழுவும் சூழ்ந்துகொள்ள, அந்தக் குரல் கூட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது. பாடற்குழுவைச் சேர்க்கவே அவர்கள் சிரமப்பட்டார்கள். நாஷ்வில்லில் இந்த வரிகளைப் பாட ஆள் கிடைக்கவில்லை; அப்புறம் ஹாலிவுட்டில் பதிவு செய்தார்கள்.

அதற்காக இரண்டாவதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேய்களின் பெயர்களைப் பாடற்குழு முழங்க ஆரம்பிக்கும் ‘இயர் ஸீரோ’வுக்கு இணையான பிரமாண்டம் முதல் ஆல்பத்தில் இல்லை. இரண்டாவது ஆல்பத்தை நான் ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல ஸ்பீக்கரில், இசைத்தட்டில் கேட்டால் அந்த நெரிசல் எனக்குக் கொஞ்சம் விலகித் தெரியலாம். ‘செக்யூலர் ஹேஸ்’ பாட்டின் சுழலும் ஆர்கனுக்காகவாவது அடுத்த முறை அதையும் வாங்குவேன்.