திமிட்சானா: தண்ணீர் உழைக்கும் மலையூர்

கடையடியில் வந்து நிற்கிறவர்களின் முதற் கேள்வி இதுதான்: "அண்ணை, கிரேக்கம் போய் வந்தனியளாம். ஏதென்ஸ் பாத்தனியளோ?" பார்த்தேன். அந்தப் பெரிய தூண்களுக்குக் கீழே நின்று படமும் எடுத்தோம். ஆனால் நான் கதைக்கத் தொடங்கினால் கதை ஏதென்ஸில் நிற்காது, திமிட்சானாவுக்குப் போய்விடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது என்று மகளும் சொன்னாள். ஜேர்மனியிலும் சுவிஸிலும் பிள்ளைகள் இருக்கிற எங்கள் ஆட்கள் பலர் கோடை விடுமுறைக்குக் கிரேக்கம் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் யாழ்ப்பாணத்தில் 40 வருஷமாகப் புத்தகம் கட்டுகிறவன். கிழிந்த பாடப்புத்தகம், கோயில் கணக்குக் கொப்பி, முதுகு உடைந்த புராணம் எல்லாம் என் மேசைக்கு வரும். தாளும் தோலும் நூலும் எங்கே இருந்தாலும் என் கண் அங்கேதான் போகும். திமிட்சானாவைப் பற்றி நான் சொல்லப்போவதும் அந்தக் கண்ணால் கண்டதுதான்.

ஊர் இருப்பது கிரேக்கத்தின் தெற்கே உள்ள பெலொப்பொனீஸ் குடாநாட்டின் நடுவில், ஆர்க்காடியா மலைகளில். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 950 மீற்றர் உயரம். ஏதென்ஸிலிருந்து காரில் மூன்று மணித்தியாலம் எடுத்தது. கொரிந்து தாண்டித் திரிப்போலி வரைக்கும் நல்ல பெருந்தெரு. அதற்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் லூசியோஸ் ஆற்றின் பள்ளம். மருமகன் ஓட, மகள் பின்னுக்குத் திரும்பி "அப்பா, கீழ பாக்காதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் ஊரில் மலை என்றால் கீரிமலை. பெயரில்தான் மலை, போய் நின்றால் கேணியும் கடலும். ஒரு வீட்டின் கூரையை அடுத்த வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று குனிந்து பார்க்கிற ஊரை நான் இந்த வயதில்தான் கண்டேன். மேற்பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்தால் வீடு ஒரு மாடி. படியிறங்கிக் கீழே போய்ப் பார்த்தால் அதே வீடு மூன்று மாடி. எல்லாம் கல், மேலே ஓடு. ஒழுங்கைகளுக்கும் கல் பதித்திருக்கிறார்கள். ஊர் நிற்பது தெயுதிஸ் என்ற பழைய நகரம் இருந்த இடத்தில். அந்தக் காலத்து மதிலின் பெருங்கற்களை இன்றும் காணலாம். சாந்தில்லாமல், ஒன்றின் விளிம்புக்கு மற்றதைச் செதுக்கிப் பொருத்திய கற்கள்.

அங்கே போவதற்கு முதற் காரணம், ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி ஓடைக்கரையில் இருக்கிற நீராற்றல் திறந்தவெளி அருங்காட்சியகம். 1997 இல் திறந்தது, இப்போது பிரேயஸ் வங்கியின் பண்பாட்டு நிறுவனம் நடத்துகிறது. பழைய ஆலைகளை அவை இருந்த இடத்திலேயே திருத்தித் திரும்ப ஓட விட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் கீழே கிடப்பது. எங்களுக்கு இருக்கிற ஒரே ஆறு வழுக்கையாறு, அதுவும் மாரிக்குத்தான் ஓடும். மற்றதெல்லாம் கிணறு. என் பாட்டனார் துலா மிதித்தவர். தோட்டத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாறுவதற்குள் அவருடைய கால்கள் நடந்த தூரத்தைக் கணக்குப் பார்த்தால் ஊரைச் சுற்றி வரலாம். அப்படித் தண்ணீருக்காக உழைத்த ஊரிலிருந்து போனவனுக்கு, தண்ணீர் தானே மேலிருந்து இறங்கி வந்து கல்லைச் சுழற்றுவதையும் உலக்கையைத் தூக்குவதையும் பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது. ஒரே தண்ணீர்தான் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த ஆலைக்கு இறங்கிப் போகிறது.

முதலில் மா ஆலை. உயரத்திலிருந்து குழாய் வழி பாய்கிற நீர், தரைக்குக் கீழே படுத்திருக்கிற சில்லை அடிக்கிறது. சில்லோடு சேர்ந்து மேல் அறையில் திரிகைக்கல் சுற்றுகிறது. அதே கூரைக்குக் கீழே கம்பளி துவைக்கும் தொட்டி. மேலே அகன்று கீழே ஒடுங்கிய பெரிய மரத்தொட்டி அது. தண்ணீர் அதற்குள் விழுந்து சுழிக்கும்போது கம்பளிப் போர்வைகள் தாமாகவே சுழன்று புரளும். சவர்க்காரம் இல்லை, கை படுவதும் இல்லை. தறியிலிருந்து வந்த முரட்டுக் கம்பளி இந்தச் சுழிப்பில் இறுகி மென்மையாகும். பேரன் அந்தத் தொட்டியடியில் இருந்து அரக்கவே இல்லை. "அம்மப்பா, வோஷிங் மெஷின்!" என்று கத்தினான். பிள்ளை சொன்னது சரிதானே.

வெளியே ஒரு செம்புக் கொதிகலம். திராட்சை பிழிந்து மிஞ்சிய சக்கையை இதில் காய்ச்சிச் சாராயம் வடித்தார்கள். ஆவி போகிற குழாயைக் குளிர்த்துவதற்கு ஓடைத்தண்ணீர். திக்கம் வடிசாலைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தோல் பதனிடும் ஆலையில்தான் நான் மற்றவர்களை முன்னுக்குப் போகச் சொல்லிவிட்டுத் தனியே நின்றேன். கீழே பட்டறை, மேல்மாடியில் தோற்காரர் குடும்பத்தின் வீடு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிர் கழற்றுவது, பிறகு நாய்ச்சாணம் கரைத்த தண்ணீரில் போட்டுத் தோலை இளக்குவது, கடைசியில் கருவாலிக் கொட்டையின் கிண்ணத்தை இடித்த தூளில் ஊறவைப்பது. மேலே குடியிருந்தவர்கள் அந்த மணத்தோடுதான் சோறு தின்று, பிள்ளை பெற்று, வாழ்ந்திருப்பார்கள். 40 வருஷமாகத் தோலைத் தடவி வேலை செய்கிறேன். அதற்குப் பின்னால் இருக்கிற உழைப்பை இவ்வளவு மரியாதையோடு யாரும் எனக்குக் காட்டியதில்லை.

கடைசி ஆலை வெடிமருந்து ஆலை. சில்லு சுற்ற, அச்சில் இருக்கிற கட்டைகள் மர உலக்கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி விடுகின்றன. "டொக், டொக்" என்று உரலில் இடிக்கிற சத்தம், எங்கள் வீடுகளில் மா இடிக்கிற அதே சத்தம். இடிபட்டது வெடியுப்பும் கரியும் கந்தகமும். ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு வெடியுப்பு. இடிக்கும்போது தீப்பற்றாமல் இருக்க இடைக்கிடை நனைப்பார்கள். பிறகு குருணையாக்கி வெயிலில் காயவிடுவார்கள். 1821 இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர் எழுந்தபோது அந்தப் போருக்கு வெடிமருந்து கொடுத்த ஊர் இதுதான். படைத்தலைவர் கொலொகொத்ரோனிஸே பின்னாளில், மருந்து எங்களிடம் இருந்தது, திமிட்சானா செய்தது என்று நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவ்வளவையும் பார்த்து முடித்தபோது மகள் கையேட்டை வாசித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அப்பா, மருந்து சுத்திறதுக்குக் கடதாசி இல்லையெண்டு ஊர் நூலகத்துப் புத்தகங்களைக் கிழிச்சுக் குடுத்தவையாம்."

மருந்தையும் குண்டையும் தாளில் சுருட்டித்தான் அந்தக் காலத்துத் துவக்குக்குத் தோட்டா செய்வார்கள். எந்தத் தாளும் இதற்கு உதவாது. கந்தைத் துணியில் செய்த பழைய கைத்தாள் மடித்தால் விரிசல் விடாது, முறுக்கினால் கிழியாது. 200 வருஷம் இருக்கக்கூடிய புத்தகத்துக்கு எது நல்ல தாளோ அதுவே தோட்டாவுக்கும் நல்ல தாள்.

அன்று பின்னேரமே நூலகத்துக்கு ஏறினோம், பூட்டியிருந்தது. அடுத்த நாள் காலையில் திரும்பவும் போனோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு 1764 இல் தொடங்கிய நூலகம் அது. அகாப்பியோஸ், கெராசிமோஸ் என்ற இரண்டு துறவிகள் தொடக்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் ஒருவர் பத்திராஸ் பேராயர் யெர்மானோஸ், எழுச்சிக் கொடியை ஆசீர்வதித்தவர் என்று கிரேக்கர் போற்றுகிறவர். இதே ஊரில் பிறந்தவர்தான் கொன்ஸ்தாந்திநோப்பிள் திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் ஐந்தாம் கிரிகோரியோஸ். 1821 இல் உயிர்த்த ஞாயிறன்று அந்த நகரத்தில், இன்றைய இஸ்தான்புல்லில், அவரைத் தூக்கிலிட்டார்கள். ஊரில் அவருடைய வீடு இப்போது திருச்சபை அருங்காட்சியகம். அதையும் பார்த்தோம், சிறியது, அரை மணித்தியாலம் போதும்.

நான் புத்தகம் கட்டுகிறவன் என்று மகள் சொன்னதும் நூலகத்தில் இருந்த அம்மா எழும்பி வந்து, கண்ணாடிப் பெட்டியடியில் விளக்கைத் திருப்பிப் பிடித்தார். கிரேக்கப் பாணிக் கட்டு. முதுகில் கயிற்று மேடு இல்லை, வழவழப்பு. சங்கிலித் தையல். மேலும் கீழும் நூலால் பின்னிய தலைக்கட்டு அட்டையை விட உயர்ந்து நிற்கிறது. அதனால் இப்படிப்பட்ட புத்தகத்தை நிமிர்த்தி வைக்க முடியாது, படுக்க வைக்க வேண்டும். எங்கள் ஏட்டுக் கட்டுகளும் படுத்துத்தானே கிடந்தன. 18ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் வெனிஸில் அச்சானவை. அங்கிருந்து கடல் தாண்டி, கழுதை முதுகில் இந்த மலை ஏறி வந்து, கடைசியில் தோட்டாவாகி மலையிறங்கிப் போன தாள்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

1981 மே 31 இரவு எங்கள் நூலகத்தை எரித்தபோது எனக்கு 18 வயது, தொழில் பழகிக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 97,000 புத்தகங்கள், அதோடு ஏட்டுச்சுவடிகள். காலையில் முனியப்பர் கோயிலடியில் கரித்தாள் காற்றில் வந்து சட்டையில் ஒட்டியது. அப்பா இரவல் எடுத்துக் கொண்டுவந்த ஒரு புத்தகம் மட்டும் வீட்டில் மிஞ்சியது. திமிட்சானாவில் ஊரவர் தங்கள் போருக்காகத் தங்கள் கையால் கிழித்துக் கொடுத்தார்கள். எங்களுடையதை எங்களிடமிருந்து பறித்து எரித்தார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மிஞ்சிய புத்தகங்களை வைத்துக்கொண்டு திரும்பவும் தட்டுகளை நிரப்பின வேலை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அந்த அம்மாவுக்கு மகள் இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் வருகைக் கொப்பியை நீட்டினார். தமிழில் எழுதினேன். எழுத்துகள் ஏன் இவ்வளவு வட்டமாக இருக்கின்றன என்று கேட்டார். ஓலையில் நேர்கோடு கீறினால் நரம்போடு கிழியும் என்று எங்கள் வாத்தியார் சொல்லித் தந்ததைச் சொன்னேன். இன்னொரு வரி எழுதச் சொன்னார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளத்தாக்கில் குன்றின் செங்குத்தான முகத்தில் ஒட்டினாற்போலத் தொங்குகிற புரோத்ரோமோஸ் மடத்தைக் கட்டாயம் பாருங்கள். அங்கே பெண்கள் முழங்கால் மறைய உடுக்க வேண்டும். நல்லூரில் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகிற எங்களுக்கு இது விளங்கும். 963 இல் தொடங்கிய பழைய ஃபிலொசோஃபூ மடத்துக்கு இறங்குகிற பாதை என் முழங்காலுக்குச் சரிவரவில்லை. மருமகன் மட்டும் போய் வந்தார். நடக்கக்கூடியவர்களுக்கு 75 கிலோமீற்றர் நீளமான மேனாலோன் நடைபாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் "நிஸ்தீசிமோ" என்ற சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள். விரதச் சாப்பாடு என்று பொருள். இறைச்சியும் முட்டையும் பாலும் இல்லாமல் தருவார்கள். வெள்ளை அவரைச் சூப்பும், எலுமிச்சம்புளி விட்ட அவித்த கீரையும் எனக்கு மூன்று நாளும் போதுமாக இருந்தது. கீலொப்பீத்தெஸ் என்ற மலைநாட்டு நூடுல்ஸ் நல்ல ருசிதான், ஆனால் அதில் முட்டை இருக்கிறது. மேனாலோ மலைத் தேவதாருத் தேன் வாங்கலாம். இனிப்புக் குறைவு, முத்து நிறம். நான் இரண்டு போத்தல் கொண்டுவந்தேன்.

தங்கின விடுதியில் ஒரு குறை. ஒக்டோபர் இரவிலேயே அங்கே எங்கள் ஆட்களுக்குத் தாங்காத குளிர். பணம் கட்டும்போது சூடாக்கி இருக்கிறது என்றார்கள், முதல் இரவு போடவில்லை. பேரன் எல்லாருடைய சட்டைகளையும் போட்டுக்கொண்டு படுத்தான். முற்பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சனி ஞாயிறில் ஏதென்ஸ் ஆட்கள் வந்து ஊர் நிறைந்துவிடும், கிழமை நாட்களில் போனால் ஒழுங்கைகள் உங்களுடையவை. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் ரப்பர் அடிச் சப்பாத்து போடச் சொல்லுங்கள், பனி விழுந்த கல் வழுக்கும். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஊரில் ஒரு இரவாவது தங்குங்கள், ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஆலைகளை ஓடி ஓடித்தான் பார்க்க வேண்டிவரும்.

வந்த பிறகு அந்தச் சங்கிலித் தையலை நினைவில் வைத்து மூன்று தரம் தைத்துப் பார்த்தேன். முதல் இரண்டையும் பிரித்துவிட்டேன். மூன்றாவது, வெறும் தாளில் கட்டிய ஒரு கொப்பி, கடை மேசையில் படுத்திருக்கிறது. வருகிறவர்கள் எடுத்து விரித்துப் பார்க்கலாம்.