கரும்புக் களைக்கு அட்ரசினா, 2,4-டியா?

கரணை (நடவுக்கு வெட்டிய கரும்புத் துண்டு) நட்ட மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஏக்கருக்கு 800 கிராம் அட்ரசின் களைக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து, அடித்த இடத்தை மிதிக்காமல் பின்பக்கமாக நடந்தபடியே அடித்தால், களை முளைவிடும்போதே கருகிப்போகும். காய்ந்த மண்ணில் அடித்தால் காசுக்குத்தான் கேடு. ஊடுபயிராக உளுந்தோ சோயாவோ இருந்தால் அட்ரசின் பக்கமே போகாதீர்கள்.

இன்னொரு களைக்கொல்லியான 2,4-டி, முளைத்து நிற்கும் அகன்ற இலைக் களைக்கு; கரும்பு வேரை உறிஞ்சி வளரும் சுடுமல்லிக்கும் அதுதான். புல்லை ஒன்றும் செய்யாது. காற்றடிக்கும்போது தெளித்துவிட்டால் பக்கத்து வயல் பருத்தி இலை விரல்விரலாகச் சுருங்கி, வம்பு வீட்டு வாசலுக்கே வரும்!

தனிக்கரும்பு என்றால் என் ஓட்டு அட்ரசினுக்கு, விட்டுப்போனதற்கு மட்டும் 2,4-டி. அப்புறம் கோரையா? கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டியதுதான்.