சொவாஜா, டெர் டெர்மெஸா? வேலூர் வெயிலில் தினமும் அடிக்க எது சரி

போன சித்திரையில் என் சொவாஜ் சென்ட் பாட்டிலைப் பீரோவின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, அன்றாடத்துக்கு டெர் டெர்மெஸ் வாங்கினேன். இரண்டும் பிரெஞ்சு நிறுவனங்களின் தயாரிப்பு, இரண்டும் ஓ டி டாய்லெட் என்ற, செறிவு சற்றுக் குறைந்த சென்ட் வகை, இரண்டும் மாதச் சம்பளக்காரர் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசித்து வாங்க வேண்டிய விலை. சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ்ஸில் ராணிப்பேட்டைக்குப் போய், தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறவன் நான். என் அனுபவம் அந்தப் பாதைக்குள் அடங்கியது.

சொவாஜ் 2015-இல் டியோர் வெளியிட்டது. உருவாக்கியவர் பிரான்சுவா டெமாஷி. அடித்தவுடன் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணமும் மிளகின் காரமும் எழும். அவை அடங்கியதும் நாள் முழுக்க நிற்பது அம்ப்ராக்ஸன். திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பருக்கு மாற்றாகத் தயாரிக்கப்படும் பொருள் இது. துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த முதல் வாரத்தில், அலுவலகத்தில் மூன்று பேர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பாராட்டு வேண்டுமென்றால் சொவாஜ்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டெர் டெர்மெஸ் 2006-இல் வந்தது, ழான் குளோட் எலேனாவின் கைவண்ணம். முதல் முகர்வில் இது யாரையும் மயக்காது. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளும்போது விரலில் தெறிக்குமே, அந்தக் கசப்பு முன்னால் நிற்கும். பின்னாலேயே மிளகும், கல்லோடு கல் உரசிய மாதிரி ஒரு வறட்சியும் வரும். "மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது" என்றாள் என் மனைவி முதல் நாள். அரை மணி நேரம் போனதும் அவளே திரும்பி வந்து சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தாள். அதற்குள் வெட்டிவேர் மேலே வந்திருந்தது. 'டெர்' என்றால் பிரெஞ்சில் மண். வெட்டிவேர் என்ற நம் சொல்லையே அவர்கள் 'வெட்டிவர்' என்று எடுத்துக்கொண்டார்கள். கோடையில் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் முடிச்சு போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த மணம் அந்நியமாக இருக்காது.

பாட்டில் அழகு, விளம்பரம் எல்லாம் இருக்கட்டும். என் முடிவைத் தீர்மானித்தது பகல் ஒரு மணி வெயில்.

அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. உடல் சூடேற ஏற, தோலில் இருக்கும் சென்ட் வேகமாக ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான மணங்கள் பஸ் ஸ்டாப்பை எட்டும் முன்னரே பறந்துவிடும். மிஞ்சுவது அடிமணம் மட்டும். அதனால் அன்றாடத்துக்கு ஒரு சென்ட் வாங்குகிறவர், அதன் அடிமணம் வியர்வையோடு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடையின் ஏ.சி.யில் அட்டைத் துண்டை முகர்ந்தால் அது தெரியாது.

வெயிலில் சொவாஜின் அடிமணம் விரிந்துகொண்டே போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அடித்தவனின் மூக்கு அதற்குப் பழகிவிடுவது. மணம் போய்விட்டது என்று நினைத்து நான் மதியம் மறுபடியும் இரண்டு முறை அழுத்துவேன். பக்கத்தில் இருப்பவருக்கோ காலையில் அடித்ததே குறைந்திருக்காது. ஒரு நாள் வேலூர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா, மடியில் எக்ஸ்ரே உறையோடு உட்கார்ந்திருந்தார். மேல்விஷாரம் தாண்டியதும், "தம்பி, கொஞ்சம் ஜன்னலைத் திறந்து விடப்பா, வாசனை தலையை வலிக்கிறது" என்றார். திறந்துவிட்டு, எழுந்து போய்ப் படிக்கட்டருகே நின்றுகொண்டேன். நம் ஊர் பஸ்களில் சிகிச்சைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் எப்போதும் இருப்பார்கள். நான் அடிக்கும் சென்ட் அவர்களுக்கு உபத்திரவமாக இருக்கக் கூடாது.

டெர் டெர்மெஸின் வெட்டிவேரும் தேவதாரு மரமும் வியர்வையோடு சேர்ந்தாலும் திகட்டுவதில்லை. மண்பானையின் வெளிப்புறம் கசிந்து ஈரமாக இருக்கும்போது வரும் வாசனைக்கு நெருக்கமாக ஆகிறது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு பக்கம் சுண்ணாம்பில் ஊறும் பச்சைத் தோலின் வாடை, இன்னொரு பக்கம் முடித்து அடுக்கிய தோலின் மணம். அந்த வாடைக்கு மேலே சொவாஜின் பளிச்சென்ற மணம் ஏறினால் இரண்டும் தனித்தனியாக மூக்கைக் குத்தும். வெட்டிவேர் அப்படியல்ல, பதனிட்ட தோலுக்கு உறவுக்காரன் போல ஒட்டிக்கொள்கிறது.

குறையும் இருக்கிறது. என் உடம்பில் இது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மங்கிவிடுகிறது. சட்டையில் மட்டும் மாலை வரை நிற்கிறது. உழைப்பில் சொவாஜுக்குத்தான் முதலிடம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அழுத்தத்துக்குச் சுமார் 0.1 மில்லி என்றால் 100 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய ஆயிரம் அழுத்தங்கள். பாட்டில் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் ஒன்றுக்குப் பத்து ரூபாய். காலையில் மூன்று, மதியம் ஒன்று என்றால் நாளுக்கு நாற்பது ரூபாய், பாட்டில் 250 நாள் வரும். மதியம் அடிக்கும் அந்த ஒன்றுக்காகப் பத்து ரூபாய் கூடுதலாகச் செலவழிக்க எனக்குச் சம்மதம்தான்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. 2010-இல் வந்த ப்ளூ டி ஷனேல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கண்ணியமான மணம். நண்பரின் பாட்டிலில் இரண்டு நாள் அடித்துப் பார்த்ததோடு சரி. 1996-இன் அக்வா டி ஜியோ வெயிலுக்கு இதமானது, ஆனால் என் தோலில் ராணிப்பேட்டை வருவதற்குள் காணாமல் போகிறது. பணம் பெரிதென்றால் வெட்டிவேர் அத்தர் இருக்கிறது. எங்கள் அலுவலக நண்பர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும்போது காதுமடலுக்குப் பின்னால் ஒரு துளி தொட்டுக்கொள்வார். அத்தனை அருமையான மணம். ஆல்கஹால் இல்லாத எண்ணெய் என்பதால் வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை விழும். அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

டெர் டெர்மெஸோடு நான் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும்தான் கடந்திருக்கிறேன். மார்கழிப் பனியில் எப்படி இருக்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். சொவாஜில் இன்னும் கால் பாட்டில் மிச்சமிருக்கிறது. தை மாதம் காட்பாடியில் மைத்துனர் மகளின் கல்யாணம், ஏ.சி. மண்டபம், மாலை வரவேற்பு. அன்றைக்கு இரண்டே இரண்டு அழுத்தம் அடித்துக்கொண்டு போவேன்.