கிரீன் ரூஃப் போடப் போறவங்க முதல்ல இதைப் படிச்சிடுங்க

மொட்டை மாடி மேல மண்ணு போட்டு செடி வளர்த்து (அதுதான் கிரீன் ரூஃப்) பச்சையா வச்சுக்கணும்னு ஆசைப்பட்டு ஒரு கான்ட்ராக்டரை நம்பி ஏமாந்துட்டேன், அதான் எழுதறேன்.

நான் கேட்டது எக்ஸ்டென்சிவ் வகை. அதுல மண் கலவை 15 சென்டிமீட்டருக்குள்ளதான் இருக்கும், செடம் மாதிரி தண்ணி அதிகம் கேக்காத குட்டிச் செடிங்க, நல்லா நனைஞ்சா சதுர மீட்டருக்கு 60லேர்ந்து 150 கிலோ வரைக்கும் வரும். இன்டென்சிவ்ங்கறது வேற, புதர், மரம் எல்லாம் வைக்கலாம் ஆனா 200 கிலோவை சாதாரணமா தாண்டும், கட்டும்போதே அதுக்குன்னு தளம் போட்டிருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல செமி இன்டென்சிவ்னு ஒண்ணு.

கொட்டேஷன்ல எக்ஸ்டென்சிவ்னு எழுதிட்டு அந்தாளு கொட்டினது சாதாரண தோட்டத்து மண்ணு, அதுவும் 20 சென்டிமீட்டர். கேட்டதுக்கு "மண்ணு கூட இருந்தா செடி நல்லா வரும் சார்"னாரு, நானும் தலையாட்டிட்டேன். சுட்ட களிமண் உருண்டை, எரிமலைக்கல் மாதிரி லேசான சாமான்தான் எக்ஸ்டென்சிவ்ல போடணும், தோட்டத்து மண்ணு நனைஞ்சா அந்த 20 சென்டிமீட்டருக்கே சதுர மீட்டருக்கு 350 கிலோ கிட்ட வந்துடும். ரெண்டு மழைக்கப்புறம் ஸ்லாப்ல விரிசல் பாத்து இன்ஜினியரைக் கூப்பிட்டா, அவர் முதல்ல சொன்னதே மேல யாரும் நிக்காதீங்கன்னுதான்.

அதோட முடியல. சீலிங் ஒழுக ஆரம்பிச்சுது. எங்கன்னு பாக்கணும்னா மொத்த மண்ணையும் அள்ளணும், அள்ளினோம், அடியில வேரைத் தடுக்கற ரூட் பேரியர் ஷீட்டே இல்ல! வெறும் தார் ஷீட்டு மேல மண்ணு, வேர் அதைத் துளைச்சு உள்ள போயிருக்கு. தண்ணி வடிய வைக்கற டிரெயினேஜ் ஷீட் இல்ல, மண்ணு கரைஞ்சு போகாம பிடிக்கற ஃபில்டர் துணியும் இல்ல, மண்ணு கரைஞ்சு போய் வடிகால் ஓட்டையையே அடைச்சிருந்துச்சு. இது தெரியாம செஞ்ச தப்புன்னு என்னால நம்ப முடியல, பில்லுல எல்லா லேயருக்கும் காசு வாங்கியிருக்காரு.

யார்கிட்ட குடுத்தாலும் நனைஞ்ச எடை எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க, காஞ்ச எடையைச் சொல்லி ஏமாத்துவாங்க. அந்த நம்பரை உங்க இன்ஜினியர் பாத்து சரின்னு சொல்லணும், கான்ட்ராக்டரோட ஆள் இல்ல. மண்ணு போடறதுக்கு முன்னாடி மாடியில தண்ணி கட்டி 48 மணி நேரம் நிறுத்தி ஒழுகுதான்னு பாக்கணும், எனக்கு அதைச் செய்யவே இல்ல. ஒவ்வொரு லேயரையும் மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அப்புறம் சண்டை போட அதுதான் கையில இருக்கும். எங்கிட்ட ஒரு போட்டோ கூட இல்ல, அந்தாளு இப்போ போனே எடுக்கறதில்ல.