குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எந்தக் கிறிஸ்துமஸ் மரம்: ஸ்ப்ரூஸா, நார்ட்மான் ஃபிர்ரா?

ஜெர்மனிக்குக் குடிபோன குடும்பம் டிசம்பரில் மரம் வாங்கப் போனால் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் யோசிக்க வேண்டியிருக்கும். ஸ்ப்ரூஸ் விலை குறைவு. பிசின் வாசம் வீடு முழுக்க நிறையும். ஆனால் இலை ஊசியாகக் குத்தும், ஹீட்டர் ஓடும் அறையில் சீக்கிரமே கொட்டத் தொடங்கும். தவழும் குழந்தையின் உள்ளங்கையில் ஏறுவது அந்த ஊசிகள்தான்.

காகசஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த நார்ட்மான் ஃபிர் விலை கூடுதல், வாசமும் குறைவு. ஆனால் இலை மிருது, நுனி மழுங்கல். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் ஜனவரி 6 வரை தாங்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதையே வாங்குங்கள். வாசம் வேண்டுமென்றால் ஸ்ப்ரூஸ் கிளை இரண்டை அலமாரி மேல் வைத்தால் போதும்.

எதுவானாலும் அடியில் 2 செ.மீ. அறுத்து உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாய் காய்ந்தால் பிசின் அடைத்துக்கொண்டு நீர் ஏறாது. ஸ்டாண்டில் நுழையவில்லை என்று பட்டையைச் சீவவே கூடாது. நீர் ஏறுவது அதை ஒட்டிய வெளிப்பகுதியில்தான். பெரிய ஸ்டாண்டாக வாங்குங்கள்.

கண்ணாடி உருண்டைகள் மேலே, வைக்கோல் நட்சத்திரங்கள் கீழே. மெழுகுவத்திக்குப் பதில் எல்.இ.டி. சரம், பட்டன் பேட்டரியில் எரிவது மட்டும் வேண்டாம், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.