காற்றுக் குஷன், ரிஜிட் வீல்சேர்: சில ஆண்டு உட்கார்ந்து பார்த்த பிறகு

டி10 மட்டத்தில், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் பத்தாவதன் அருகே, தண்டுவடம் அடிபட்டதில் தொப்புளுக்குக் கீழே எனக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ஆரம்பத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: எப்போது நடப்பேன்? பிசியோதெரபிஸ்ட் அதற்குப் பிடிகொடுக்கவே இல்லை. "தோல் சிவக்காமல் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது?" என்று திருப்பிக் கேட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் என் நம்பிக்கை வளர்ந்தது அந்தக் கணக்கில்தான்.

உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் நீடித்தால் நமக்குத் தெரியாமலே புண் வந்துவிடும். அதனால் குஷனைப் பற்றி முதலில். வரிசையாக நிற்கும் ரப்பர் அறைகளுக்குள் காற்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்து எடையைப் பரப்பும். காற்று நிறைய இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அதிகம் அடித்தால் உடம்பு உள்ளே அமிழாது. எடையெல்லாம் உட்காரும் எலும்புகள் மேல் வந்து நிற்கும். குறைந்தால் எலும்பு அடியைத் தட்டும். சரிபார்க்கக் கைதான் கருவி: உட்கார்ந்தபடி குஷனுக்கு மேலே கையை நுழைத்து எலும்பைத் தேட வேண்டும். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் இருந்தால் சரி. இதைத் தினமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் காற்று சத்தமில்லாமல் இறங்கும்.

எவ்வளவு நல்ல குஷனாக இருந்தாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தை விடுவித்தே ஆக வேண்டும். கையை ஊன்றி எழும்புவதை நான் விட்டுவிட்டேன். தோள் வலிக்கிறது, சில நொடிக்கு மேல் அப்படித் தாங்கவும் முடியாது. முழங்கால் மேல் மார்பு படும்படி முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்கிறேன். அப்படியே ஃபோன் பார்ப்பேன், சும்மா எதற்கு?

என் வீல்சேர் ரிஜிட் வகை, அதாவது மடங்காத சட்டம். அதில் பெரிய சக்கரங்களின் ஆக்சிலைக் கொஞ்சம் முன்னே நகர்த்தியதும் தள்ளுவது பாதி லேசானது. பதிலுக்கு, பின்னால் கவிழும் வாய்ப்பும் கூடும். வீலி, அதாவது முன்சக்கரங்களைத் தூக்கிப் பின்சக்கரங்களில் சமநிலையாக நிற்பது, பழகும்வரை பின்பக்கக் குட்டிச் சக்கரங்களைக் கழற்ற வேண்டாம். கேஸ்டர் எனும் முன்பக்கச் சிறு சக்கரங்களின் அச்சில் சுற்றும் தலைமுடிதான் பெரிய தொல்லை.

சாதனைக் கதைகள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மான் விஷயம் வேறு. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில்லில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியவர். அதற்கு முன் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். அவர் இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்தார். 1948இல் 16 பேர் வீல்சேரில் இருந்தபடி வில்வித்தைப் போட்டியில் அம்பு எய்தார்கள். பாராலிம்பிக்கின் தொடக்கம் அது. எனக்குத் தெம்பு தருவது அந்த அம்பைவிட, அதற்கு முந்தைய புரட்டல்தான்.

வாங்கலாமா? காற்றைத் தினமும் பார்க்க நீங்களோ கூட இருப்பவரோ தயார் என்றால் காற்றுக் குஷன். பஞ்சர் கிட் பையிலேயே இருக்கட்டும். அந்தப் பொறுமை இல்லையென்றாலும், வீல்சேரிலிருந்து கட்டிலுக்கோ வேறு இருக்கைக்கோ மாறும்போது குஷன் ஆடுவது பயமாக இருந்தாலும், ஃபோம் அல்லது ஜெல் வகையை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதை வாங்கினாலும் இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பதை விடாதீர்கள். சிவப்பு மறையவில்லையென்றால் மறுநாள் அந்த இடத்தில் எடை விழும்படி உட்காரக் கூடாது.